அரபிக்கு எழுதிய காகிதம்

மருந்துப் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றியவனுக்கெல்லாம் மருத்துவம் தெரிந்துவிடாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற இருபத்தோரு வருடம் ஆனது. அதற்கான தண்டனையை நான் அனுபவித்திருந்தால் பரவாயில்லை. என் மகள் அனுபவிக்கிறாள்.

என் பெயர் ஜாபர் சாதிக். பிறந்தது கோட்டக்குப்பம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். நானும் போனேன். ஷார்ஜாவில் ஒரு மருந்துக் கிடங்கில் வேன் டிரைவர் வேலை. பெட்டிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எந்தப் பெட்டி எந்த நோய்க்கு என்று போகிற இடமெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வேன். மூன்றாவது வருடத்திலேயே எங்கள் ரூமில் யாருக்குத் தலை வலித்தாலும், வயிறு போனாலும் என்னிடம்தான் வந்தார்கள். 'டாக்டர் பாய்' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள். எனக்கு அது கிண்டலாகவே படவில்லை.

என் மனைவி ஜுலைகா பீவிக்குத் திண்டிவனம். நான் ஷார்ஜா போனதும் அவள் தன் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துக் குடிபோனாள். எங்களுக்கு ஒரே மகள், அர்ஷியா. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளுக்குக் கன்னம் சிவந்து, தடித்து, நீர் வடிந்தது. கரப்பான் என்றார்கள். நடக்க ஆரம்பித்தால் போய்விடும் என்றார்கள். அவள் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். கரப்பானும் அவள் கூடவே போனது.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்தேன். போனில் 'கொஞ்சம் அரிப்பு இருக்கு' என்று ஜுலைகா சொன்னதற்கும் நேரில் நான் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, கண்ணிமை, எல்லாம் யானைத் தோல் மாதிரி தடித்துக் கறுத்திருந்தது. படுக்கை விரிப்பில் புள்ளி புள்ளியாக ரத்தம். தூக்கத்தில் சொறியாமல் இருக்க இரண்டு கையிலும் சாக்ஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்து 'ஒட்டிக்கும்' என்று சண்டை போட்டதால் டீச்சர் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். சாப்பாட்டில் கத்திரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டை கிடையாது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கிடையவே கிடையாது. எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஜுலைகா நிறுத்தியிருந்தாள். பிள்ளை ரசம் சோற்றில் வளர்ந்து குச்சியாக இருந்தது.

பெருநாளுக்கென்று நான் ஜரிகை வைத்த கவுன் ஒன்று வாங்கி வந்திருந்தேன். கால் மணி நேரம் போட்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அதைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய காட்டன் நைட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். தையல் உரசாமல் இருப்பதற்காம். வந்தவர்களெல்லாம் 'என்ன பெருநாளும் அதுவுமா' என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாளே கடைத்தெரு மாடியில் இருந்த தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் இளவரசி. அப்போதுதான் புதிதாக கிளினிக் போட்டிருந்த சின்ன வயதுப் பெண். அர்ஷியாவின் கையைத் தன் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எக்ஸிமா. ஒட்டிக்கிற வியாதி இல்ல. பக்கத்துல உக்காந்தா யாருக்கும் வராது. மொதல்ல அதை ஸ்கூல்ல போய் சொல்லுங்க" என்றார். "சாப்பாட்டை எதுக்கு நிறுத்தினீங்க? இன்னது சாப்பிட்டா ஏறுதுன்னு நீங்க கண்ணால பாத்திருக்கீங்களாம்மா?"

ஜுலைகா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப குடுங்க. வளர்ற புள்ள. குளிச்ச ஒடனே, ஈரம் காயறதுக்கு முன்னாடி மூணு நிமிஷத்துக்குள்ள ஒடம்பு பூரா தேங்காண்ணெ தடவுங்க. தெனமும் ரெண்டு வேளை. ரொம்ப செவந்து போனா மட்டும் இந்த ஆயின்மென்ட். ஏழு நாள். அடங்கினதும் நிறுத்திடணும்."

"சுத்தமா போறதுக்கு மருந்து இல்லீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. வந்து வந்து போவும். அடக்கி வெச்சிக்கலாம். வயசு ஏற ஏறக் கொறையலாம். பொறுமையா பாத்துக்கணும்."

பொறுமை என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. மாடிப்படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "தேங்காண்ணெ தடவச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? இதுக்கு போர்டு வேற. இந்த ஊர்ல இருந்தா இவ்ளோதான் வைத்தியம்." அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைக் கசக்கிக் கீழே போட்டேன். ஜுலைகா அதை எடுத்து, நீவி, பைக்குள் வைத்தாள். பிறகு வீட்டில் ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

லீவு முடிந்து ஷார்ஜா போன முதல் வாரமே கிடங்கில் தோல் மருந்து அடுக்கின் முன்னால் போய் நின்றேன். சிவப்புக் கோடு போட்ட ஒரு சின்ன ட்யூப் எனக்கு ஏற்கெனவே தெரியும். ரூமில் படை, சொறி என்று வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுப்பேன். இரண்டே நாளில் அடங்கிவிடும். அதில் ஒரு அரை டஜன் எடுத்தேன்.

கிடங்கில் மருந்துக் கணக்கு பார்ப்பவன் அலெக்ஸ். விழுப்புரத்துக்காரன், பார்மஸி படித்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். நம் பக்கத்துப் பேச்சு கேட்கும் என்பதற்காகவே நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"யாருக்கு பாய் இது?" என்றான்.

"என் பொண்ணுக்கு."

"ஒம்போது வயசுப் புள்ளைக்கா? வேணாம் பாய். இது ரொம்ப ஸ்ட்ராங்கு. மொகத்துல போடவே கூடாது. பெரியவங்களுக்கே ரெண்டு வாரத்துக்கு மேல தரமாட்டாங்க. உள்ள பேப்பர் இருக்கு பாருங்க, கண்ணுகிட்ட கொண்டு போகாதன்னு எழுதியிருக்கான்."

அந்தக் காகிதத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ், பொடிப் பொடியாக எழுத்து. அதற்கு நான் சொன்ன பதில் அன்று எனக்கே பிடித்துப் போனது.

"டேய் அலெக்ஸு, அது அரபிக்கு எழுதினது. ஏசியிலயே பொறந்து ஏசியிலயே கெடக்கறவனுக்கு. அவன் தோலு பாலாடை. நம்ம ஊரு வெயில்ல காஞ்ச தோலுக்கு இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

அலெக்ஸ் சிரிக்கவில்லை. "உங்க இஷ்டம் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். ரூமில் அன்று மாலையே இதைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் அந்த வசனத்தைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் மற்றவர்களின் வீட்டுக்கும் சாமான் எடுத்துப் போவது எங்கள் வழக்கம். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவரின் பெட்டியில் தைலம், சோப்பு, பேரீச்சம்பழத்தோடு என் ட்யூபுகளும் போயின. அவை போய்ச் சேர்ந்து மூன்றாவது நாள் அர்ஷியா போன் பண்ணினாள்.

"அத்தா, அரிக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் பின்னால் ஜுலைகா அழுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ட்யூப் ஏமாற்றவில்லை, சொன்ன வேலையைச் செய்தது. அதுதான் பேஜாரே. பிள்ளை விடிய விடியத் தூங்கினாள். சாக்ஸ் இல்லாமல் தூங்கினாள். தோழிகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவித்த மல்லாட்டையை முறத்தோடு வைத்துக்கொண்டு தின்கிற போட்டோ ஒன்றை ஜுலைகா அனுப்பினாள். அதை என் வேனில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்தேன். நான் ஒருவன் அங்கே கிடந்து வெந்ததற்கு அது ஒன்று போதும் என்று நினைத்தேன்.

ஏழு நாளில் நிறுத்தவில்லை. ஏழு மாதத்திலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரண்டே நாளில் முன்னைவிட அதிகமாகச் சிவந்து எரிந்தது. எரிந்தால் போட்டார்கள், போட்டால் அடங்கியது. அதை நான் மருந்தின் குற்றமாகப் பார்க்கவில்லை, மருந்தின் பெருமையாகப் பார்த்தேன். இந்த நோய்க்கு இவ்வளவு பலமான மருந்து வேண்டியிருக்கிறது பார் என்பேன். வருடம் ஏற ஏற அரை டஜன் ஒரு டஜன் ஆனது.

எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு முழுக்க அந்த ட்யூபைப் பற்றித்தான். "க்ரீம் இருக்கா?" "இருக்கு அத்தா." "தீர்ந்துடப் போவுது, முன்னாடியே சொல்லு." "சரி அத்தா." வெளிநாட்டில் இருக்கிற அப்பன் பிள்ளையிடம் வேறு என்ன கேட்பான்? அவள் வகுப்பு எனக்குத் தெரியும், டீச்சர் பெயர் தெரியாது. வீடியோ காலில் அவள் முகம் பளபளவென்று இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லாம் 'ஃபாரின் க்ரீம் போட்டுப் பொண்ணை வெள்ளைக்காரி ஆக்கிட்டியே' என்பார்கள். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்ததை நான் ரோஸ் நிறம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தேன். காலேஜ் பஸ் பிடிக்க மேம்பாலத்துக்கிட்ட வரை போக வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு முறை இடித்தாள். இரண்டாவது முறை இடது பக்கம் நின்றிருந்த ஆட்டோ மேல். முழங்கை பெயர்ந்துவிட்டது. நான் இருபது வருடம் வண்டி ஓட்டி ஒரு கீறல் விடாதவன். போனில் கத்தினேன்.

"அவ்ளோ பெரிய ஆட்டோ, மஞ்ச கலர்ல நிக்குது. அது தெரியலன்னா உனக்கு எதுக்கு வண்டி? ரோட்டைப் பாக்கற பழக்கமே இல்லையா?"

"கவனிக்கல அத்தா" என்றாள். ஜுலைகா வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள்.

போன வருடம் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள் அவள் எனக்கு டீ ஊற்றினாள். டம்ளரின் இடது பக்கத்தில், மேஜை மேல் ஊற்றினாள். நான் அவள் இடது பக்கமாகப் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. கையை நீட்டி அவள் காதுக்கிட்ட விரலை ஆட்டினேன். அவள் டீ துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் ஆட்டோ ஞாபகம் வந்தது.

கண்ணாடிக் கடையில் பார்த்துவிட்டு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இருட்டு அறையில், மிஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்றேன். இடது கண்ணுக்குப் பரிசோதனை நடந்தபோது பட்டன் சத்தம் எப்போதோ ஒரு முறைதான் கேட்டது. 'அழுத்தும்மா, அழுத்து' என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தெரியாத புள்ளிக்கு எப்படி அழுத்துவாள்? வெளியே வந்த தாளில் இடது கண் முக்கால்வாசி கறுப்பாக இருந்தது. வலது கண்ணிலும் ஓரம் கறுத்திருந்தது.

கண் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "மொகத்துல எதாவது க்ரீம் போடறியாம்மா? எவ்ளோ நாளா?" என்பதுதான். அர்ஷியா பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போயிருக்கிறது என்றார். பல வருடம் இமையில் போட்ட ஸ்டீராய்டு என்றார். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு ஆயுசுக்கும் காப்பாற்ற வேண்டும் என்றார். அவளுக்கு அப்போது இருபத்தொன்று.

தோலுக்காகத் திரும்பவும் அதே மாடிப்படி ஏறினோம். டாக்டர் இளவரசிக்கு முன்நெற்றியில் நரைத்திருந்தது. ஜுலைகா பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கசங்கின கோடு இன்னும் போகவில்லை. 'ஏழு நாள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. டாக்டர் அதைப் படித்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை.

"மொகத்துக்கு இன்னையோட நிறுத்திடுங்க. வேற வகை ஆயின்மென்ட் எழுதறேன், அதுல ஸ்டீராய்டு கெடையாது. ஒடம்புக்கு மெதுவா கொறைச்சிக்கினு வரலாம். மொதல் சில மாசம் ரொம்ப எரியும்மா. தாங்கிக்கணும். பழையபடி எண்ணெய்தான், மூணு நிமிஷத்துக்குள்ள" என்றார்.

எரிந்தது. முகம் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து, உரிந்து, நீர் வடிந்தது. நான்கு மாதம் அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கடைசி வருடப் பரீட்சை எழுதவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அரிப்பெல்லாம் வரிசையில் காத்திருந்து இப்போது வந்த மாதிரி வந்தது. காலையில் அவள் குளித்துவிட்டுக் கதவைத் திறந்ததும் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பேன். கை, கால், கழுத்து. முதுகை ஜுலைகா பார்த்துக்கொள்வாள். என் விரல் படும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. தேங்காய் எண்ணெய்க்கு ஒரு டாக்டரா என்று கேட்டவன், மூன்று நிமிடத்துக்குள் முடிக்கிறேனா என்று கடிகாரம் பார்த்துத் தடவினேன்.

இத்தனையிலும் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால், "யாருக்கும் தெரியாம நடந்துடுச்சு" என்பாள். அந்த 'யாருக்கும் தெரியாம' என்னைத் தின்றது. எனக்குத் தெரிந்திருந்தது. அலெக்ஸ் என் முகத்துக்கு நேராகச் சொன்னான். இது ஜுலைகாவுக்கும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் கிண்ணத்தை எடுப்பேன். சொன்னால் நாளையிலிருந்து கையை நீட்டமாட்டாளோ என்று பயம் வரும். பேசாமல் தடவிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைப்பேன்.

போன வாரம் மறுபடி முண்டியம்பாக்கம். அதே இருட்டு அறை, அதே பட்டன். கறுப்பு மேலும் பரவவில்லை என்றார்கள். டாக்டரோடு ஏழெட்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அவர் அர்ஷியாவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்.

"இது ஆபத்துன்னு உங்க வீட்டுல யாரும் எச்சரிக்கலையா?"

"எங்க அத்தாவுக்குத் தெரியாது மேடம்" என்றாள் அர்ஷியா. "தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டாங்க."

மாணவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை பத்துப் பேர் முன்னால் எனக்காகச் சாட்சி சொல்கிறாள், நான் அதையும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

ஸ்டேஷனுக்கு நடந்து வந்தோம். திண்டிவனம் போகிற பாசஞ்சர் வர முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்ச். அவள் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். தெரிந்துதான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருந்தால் என் முகம் அவளுக்குத் தெரியாது. சொல்லப்போவதை அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

"அர்ஷியா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அத்தா."

"அந்த க்ரீமு ஆபத்துன்னு எனக்குத் தெரியும். மொத மொத எடுக்கும்போதே அலெக்ஸ் சொன்னான். மொகத்துல போடாத, கண்ணுகிட்ட போவாத, ரெண்டு வாரம்தான்னு. நான்தான் கேக்கல. பெரிய இவன் மாதிரி பேசி அவன் வாயை அடைச்சிட்டேன். நீ உள்ள சொன்னியே, அத்தாவுக்குத் தெரியாதுன்னு. அது பொய்ம்மா. உன் கண்ணை நான்தான்..."

எதிர்த் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, நிற்காமல் போனது. அது போகும்வரை அவள் மணிக்கட்டைத் துப்பட்டாவால் சுற்றி, அதன் மேலேயே மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொறியக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வாள்.

"அலெக்ஸ் மாமா சொன்னது எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா அந்தப் பேப்பரை நான் படிச்சேன் அத்தா. பத்தாவது படிக்கும்போது. இங்கிலீஷ் புரிய ஆரம்பிச்சதும் டிக்‌ஷனரி வெச்சிக்கினு முழுசா படிச்சேன். கண்ணுன்னு போட்டிருந்துச்சு. பயந்துட்டு அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணேன்."

"எனக்கா?"

"ம். நீங்க வண்டி ஓட்டிக்கினு இருந்தீங்க. கேட்டுட்டு சிரிச்சீங்க."

நான் என்ன சொன்னேன் என்று அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. அவளே சொன்னாள்.

"அது அரபிக்கு எழுதினதுன்னு சொன்னீங்க."

எனக்கு அந்தப் போன் ஞாபகத்தில் இல்லை. இப்போதும் இல்லை. எந்த மாதம், எந்த ரோடு, ஒன்றும் நினைவில்லை. எவ்வளவோ பேரிடம் சொல்லிச் சிரித்த வசனத்தை அன்று என் பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள், நான் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அலெக்ஸ் சொன்னதை ஒரு வருடமாக நெஞ்சில் கல்லாகச் சுமந்தேன். இது இருந்த இடமே எனக்குத் தெரியவில்லை.

"அப்புறம் ஏம்மா போட்ட?" என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அநியாயமான கேள்வி என்று உறைத்தது.

"போடாம ரெண்டு நாள் இருந்து பாத்தேன். எரிச்சல் தாங்கல. அதுவும் இல்லாம, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். உங்களை எல்லாரும் டாக்டர் பாய்னு கூப்பிடறாங்கன்னு அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க." துப்பட்டாவை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "அதுக்கப்புறம் பெட்டி வந்தா மொதல்ல அந்தப் பேப்பரை எடுத்துக் கிழிச்சிப் போட்டுடுவேன். இருந்தா படிக்கத் தோணும். அம்மா கையில ட்யூபை மட்டும்தான் குடுப்பேன்."

ஆறு வருடம், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொன்றாகத் திறந்து, காகிதத்தை எடுத்து, கிழித்துப் போட்டிருக்கிறாள். நான் அங்கே உட்கார்ந்துகொண்டு 'க்ரீம் இருக்கா' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். 'இருக்கு அத்தா' என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

பிளாட்பாரத்தில் ஜனம் இருந்தது. அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் பொது இடத்தில் அழக் கூடாது என்றெல்லாம் தோன்றவில்லை. சத்தம் வராமல் இருக்கத் தோள் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

அவள் கையை இடது பக்கம் நீட்டித் துழாவினாள். என் முழங்கையைத் தேடிப் பிடித்தாள்.

"அத்தா, எழுந்து இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள். "அந்தப் பக்கம் இருந்தா நீங்க எனக்குத் தெரியல."

எழுந்தேன். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்தேன். அவள் முகத்தைத் திருப்பி, அழுத என் முகத்தை, இருக்கிற பார்வையால் முழுதாகப் பார்த்தாள்.